கலனுக்குள் கொஞ்சம் கடல்

கண்டக்குழி
2024 ஜனவரி 23

அன்பு மகள் எமிலியா,

"மேக்க முஹுது வத்துரத, தாத்தே?" என்று கிளினிக்கில் அந்த நர்ஸ் மிஸ்ஸி, என் ரிப்போட் துண்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் இருந்த நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாவே, அந்த நேரம் எனக்குச் சிங்களம் தெரியாது என்று நடிக்கத்தான் பார்த்தேன். இது கடல் தண்ணியா அப்பா என்று கேட்கிறா. நான் யோசித்து முடிப்பதற்குள் வாய் "ஒவ்", ஓம், என்று சொல்லிவிட்டது. பின்னாலிருந்த ஐயா ஒருவர் எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாய்.

அதற்குப் பிறகு பதினொரு நாள். நீ போன் எடுக்கவில்லை. டொறத்தியிடம் கேட்டேன். "அவள் சொல்லுறாள் அண்ணன், போனில கதைச்சா அப்பா சிரிக்க வைச்சிடுவாராம், பிறகு கதை ஒண்டும் மிஞ்சாதாம். எழுதச் சொன்னாள். எழுதேக்க உங்களுக்குப் பொய் வராதாம்" என்றாள். என் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு என் தங்கச்சியை வைத்தே எனக்குக் கட்டளை அனுப்புகிறாய். சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், கடைசியாக எழுதியது எஞ்சின் களவு போனதற்குப் பொலிசுக்கு. பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போடு, சயன்ஸ் ரீச்சர்தானே.

நடந்ததைச் சொல்கிறேன். விடிய முதல் போகிற மூத்திரத்தை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அடுத்த நாள் விடியும் வரைக்கும் ஒரு சொட்டு விடாமல் கலனில் பிடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காமல் செய்த பிழை இல்லை இது. அன்றைக்கென்று கடலில் அறுக்குளா மீன் ஓடியது. என்னோடு வள்ளத்தில் வருகிற நஜாத் வந்து வாசலில் நின்றான். கூட்டாளிகளுக்கு முன்னால் கலனோடு வள்ளத்தில் ஏற வெட்கம். கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும் வரைக்கும் அடக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஐம்பத்தாறு வயதில் மனிதன் தன்னைப் பற்றி அப்படிப் பெருமையாக நினைக்கக் கூடாது. மூன்று தரம் கடலுக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் விடியப் பார்த்தால் கலனில் பாதிகூட இல்லை. பாதியைக் கொடுத்தால் பாதிக் கிட்னிக்காரன் என்று எழுதிவிடுவார்கள் என்று பயம். கிணற்றுத் தண்ணி ஊற்றினால் பிடிபடும், அதில் உப்பில்லை. மூத்திரம் உப்பு, கடலும் உப்பு. ஒரு லீற்றர் அள்ளி ஊற்றினேன். நிறம் வெளிறியது. இரண்டு கரண்டி பிளேன்ரீ விட்டேன். சீனி போடாத பிளேன்ரீ, மகள். சீனி இருந்தால் சீனி வருத்தம் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா. அவ்வளவு கெட்டித்தனம்.

உன் இரண்டு கிட்னியும் படுத்து ஒரு வருடமாகிறது. அம்மாவுக்குச் சீனி இருப்பதால் அவளுடையதை எடுக்க மாட்டார்கள். மிச்சம் நான்தான். வெளியே போகும்போது "உங்கட கிட்னி எனக்கு வேண்டாம்" என்றாய். கோபத்தில் சொன்னதா, முடிவாகச் சொன்னதா? அதை மட்டுமாவது எழுது.

அப்பா


கண்டி
2024 ஜனவரி 30

அப்பா,

முடிவாகத்தான் சொன்னேன்.

இன்று டயலிசிஸ் நாள். இடது கையில் ஊசிகள் இருக்கின்றன, வலது கையால் எழுதுகிறேன். இயந்திரம் என் இரத்தத்தை நாலு மணித்தியாலம் சுற்றிச் சுற்றி வடிக்கும். வாரத்தில் மூன்று நாள். சிறுநீரகங்கள் இதை ஒரு நாளும் லீவு போடாமல் செய்கின்றன. நாளுக்கு ஏறக்குறைய நூற்றெண்பது லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் ஒன்றரை, இரண்டு லீற்றரைத் தவிர மிச்சம் முழுவதையும் இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. குப்பையைத் தேடிப் பொறுக்குவதில்லை. எல்லாவற்றையும் வெளியே விட்டு, உடம்புக்குத் தேவையான உப்பு, சீனி, தண்ணீர் எல்லாவற்றையும் தேவையான அளவுக்குத் திரும்ப எடுக்கின்றன. எடுக்காமல் விட்டதுதான் கலனுக்குள் வருவது. அதனால்தான் அந்தக் கலனை வைத்து உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

நீங்கள் என்ன செய்தீர்கள் தெரியுமா? உங்கள் கலனில் நாற்பது கிராமுக்கு மேல் உப்பு இருந்தது. நாலு பேர் ஒரு நாளில் சாப்பிடும் உப்பு. கழிவோ பாதிதான் இருந்தது, ஏனென்றால் மிச்சப் பாதி அறுக்குளாவோடு போய்விட்டது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கழிவு கூடாது. முழுதாகக் காட்ட ஊற்றினீர்கள், ரிப்போட்டில் பாதியாகத்தான் வந்தது. கடல்நீர் அளவுக்கு உப்பான சிறுநீரை எந்த மனிதச் சிறுநீரகத்தாலும் உண்டாக்க முடியாது, அப்பா. கடலில் தாகம் எடுத்தாலும் நீங்கள் கடல்நீரைக் குடிப்பதில்லையே. குடித்தால், அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகமான தண்ணீர் உடம்பிலிருந்து போகும்.

அந்தப் பரிசோதனை எனக்காக இல்லை. ஒன்றை எடுத்த பிறகு மிஞ்சுகிற ஒன்று உங்களுக்குப் போதுமா என்று பார்ப்பதற்கு. அதில் பொய் சொன்னால் நீங்கள் ஏமாற்றுவது உங்களைத்தான். இரண்டு வருடத்தில் நீங்கள் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால், அந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்?

வேறு ஏதாவது மறைத்திருக்கிறீர்களா? அன்று கிளினிக் படியில் சறுக்கினேன் என்றீர்கள். படி ஈரமாக இருக்கவில்லை.

எமிலியா


கண்டக்குழி
2024 பெப்ரவரி 8

அன்பு மகள்,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நூற்றெண்பது லீற்றர் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "எண்ணெய் பரல் ஒண்டு நிறைய வருமே" என்றாள். பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு பரல் வேலையை ஒழுங்காகச் செய்கிற சாமான் இந்த மனுசனுக்குள்ளே இருக்கிறதா என்ற மாதிரி.

எல்லாவற்றையும் வெளியே விட்டுத் திரும்ப எடுப்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் அலுமாரி துப்புரவாக்கும்போது அவளும் அப்படித்தானாம். முழுக்கக் கட்டிலில் கொட்டி, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவாள். கிழிந்தது பழசைத் தேடி ஒவ்வொன்றாக இழுத்தால் ஒரு நாளும் முடியாதாம். என்னுடைய சாரங்கள் திரும்ப அலுமாரிக்குப் போகாததன் காரணம் முப்பது வருடத்துக்குப் பிறகு எனக்குத் தெரிய வந்தது.

படி ஈரமில்லை என்று எழுதியிருக்கிறாய். நாலு நாளாக அந்த வரியைச் சுற்றி நடக்கிறேன். நீ சொன்னது சரி, எழுதும்போது பொய் வருகிறதில்லை. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட மாட்டேன்.

நஜாத்துக்குப் பிறசர் இருப்பது உனக்குத் தெரியும். போன வருடம் கற்பிட்டியில் இரத்ததானம் கொடுக்கப் போன நேரம் எனக்கும் பிறசர் கூடுதல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை. கண்டிக்கு வருகிற நாள் விடிய, நஜாத்திடம் அவனுடைய குளிசை ஒன்று கேட்டேன்.

"என்னத்துக்கு அண்ணன்?"

"இண்டைக்கு மட்டும் மிசினில நல்ல நம்பர் வரவேணும்."

"பரீட்சைக்குக் கொப்பியடிக்கிறீங்க."

"ஓம். தா."

தந்தான். பஸ்ஸிலேயே விழுங்கினேன். மிசினில் நல்ல நம்பர் வந்தது. படியில் இறங்கும்போது கண் இருட்டியது. அவ்வளவுதான். சறுக்கவில்லை.

இதற்கு நீ என்ன எழுதப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுது.

அப்பா


கண்டி
2024 பெப்ரவரி 14

அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் அழுதேன், கோபத்தில். அலுமாரிக் கதையில் சிரித்தேன், அதற்கும் கோபம் வந்தது.

சிறுநீரகத்துக்கும் பிறசருக்கும் என்ன தொடர்பு என்று பத்தாம் வகுப்புக்குச் சொல்லித் தருவதுபோல் எழுதுகிறேன். இரத்தம் குறைந்த அழுத்தத்தில் வந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவற்றில் ஒன்று சிறுநீரகம். உடனே ஒரு பொருளை இரத்தத்தில் விடும். அதனால் இரத்தக் குழாய்கள் இறுகும், உடம்பு உப்பைப் பிடித்து வைக்கும், உப்போடு தண்ணீரும் நிற்கும். அழுத்தம் ஏறும். அழுத்தம் கூடினால் உப்பையும் தண்ணீரையும் அதிகம் வெளியே விட்டுக் குறைக்கும். இப்படித்தான் இறக்கமும் ஏற்றமும் ஒரு அளவுக்குள் நிற்கின்றன. ஆனால் நாளுக்கு மூன்று வேளை கருவாடு தின்கிறவருடைய சிறுநீரகம் உப்போடு மல்லுக்கட்டிக் களைத்துவிடும். அழுத்தம் கூடியபடியே நின்றால், வடிக்கிற சின்னச் சின்ன முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும். நோகாது. ஒரு அடையாளமும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை, கால் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் போகும் வரைக்கும்.

நஜாத் மாமாவின் குளிசை ஒரு காலை மறைத்தது. அவ்வளவுதான் அதால் முடிந்தது.

இங்கே எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிலீற்றர் தண்ணீர்தான். கறியில் உள்ள தண்ணீரையும் சேர்த்து. டொறத்தி மாமி ஒரு போத்தலில் கோடு போட்டு வைத்திருக்கிறா. பின்னேரம் நாலு மணிக்கே முடிந்துவிடும். பிறகு ஒரு ஐஸ்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு அது கரையக் கூடாது என்று இருப்பேன். இதைச் சொல்வது உங்களை அவசரப்படுத்த இல்லை. இந்தத் தாகத்தோடு இருந்துகொண்டும் உங்களை வேண்டாம் என்கிறேன் என்றால், எவ்வளவு யோசித்துச் சொல்கிறேன் என்று விளங்கட்டும் என்பதற்காக.

டொக்டரிடம் போய் இரண்டையும் சொல்லுங்கள். குளிசையையும் இரத்ததானத்தையும். அவர் உங்களால் கொடுக்க முடியாது என்று சொன்னால் நான் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். நீங்கள் சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

இன்று திருநீற்றுப் புதன். தவக்காலத்துக்கு எதை விடுவது என்று யோசித்தால் கருவாட்டை விடுங்கள்.

எமிலியா


கண்டக்குழி
2024 ஏப்ரல் 9

அன்பு மகள்,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது, சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று.

டொக்டரிடம் போனேன். நீ அன்று டயலிசிஸில் இருந்தாய், உனக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், பிளேன்ரீ உட்பட. மனிதர் பேனையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். தோள் குலுங்கியது. நல்ல மனிதர், எனக்கு முன்னால் சிரிக்கவில்லை. பிறகு பிறசர் பார்த்தார். நூற்று ஐம்பத்தாறு. உப்பைக் குறைத்து ஆறு வாரம் இருந்து பார்ப்போம், இருபத்துநாலு மணித்தியாலம் கையில் கட்டுகிற மிசின் போடுவோம், கலனையும் திரும்பப் பிடிப்போம், அதற்குப் பிறகும் இப்படியே நின்றால் மறந்துவிடுங்கள் என்றார்.

கருவாட்டை விட்டேன். அம்மா உப்பில்லாமல் மீன் ஆணம் வைத்தாள். முதல் வாரம் அதைத் தின்னும்போது என்னை யாரோ கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருந்தது. என்ன மீன் என்று கேட்டேன். "நீங்கள்தானே பிடிச்சுக்கொண்டு வந்தது" என்றாள். மாசிக் கருவாடு போட்ட சம்பல் இல்லை, ஊறுகாய் இல்லை, பேக்கரிப் பாணிலும் உப்பு இருக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டாள். பங்குச் சுவாமி, தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல் செய்தாய் என்று கேட்டார். உப்பு என்றேன். இந்தக் கரையில் யாரும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லையாம்.

போன கிழமை கலன் பிடித்தேன். கரையில் நின்றிருக்கலாம், ஆனால் மூன்று வாரம் காற்றுக்குப் பிறகு அன்றுதான் கடல் விட்டது. இந்த முறை கலனைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். நாலு பேருக்கும் முன்னால் விசயத்தைச் சொன்னேன். பிறகு நஜாத், தான் போட்டிருந்த லைஃப் ஜக்கெற்றைக் கழற்றிக் கலனுக்குக் கட்டினான்.

"உனக்கு?" என்றேன்.

"நான் விழுந்தா வேற ஆள் எடுக்கலாம் அண்ணன். இது விழுந்தா நாளைக்குத் திரும்ப முதல்ல இருந்து."

அன்று முழுக்க ஒவ்வொரு தரமும் நான் எழும்ப, நாலு பேரும் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பினார்கள். எஞ்சினையும் நிறுத்தினார்கள், ஆடாமல் இருக்க. திரும்பி வரும்போது ஆளுக்கொரு பக்கம் கலனைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். மீன் கூடையைக்கூட அவர்கள் அப்படி இறக்கி நான் பார்த்ததில்லை.

நாளைக்கு மிசினைக் கட்டுகிறார்கள். அது அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கையை நெரிக்குமாம். படுத்தாலும் விடாதாம். இந்த முறை பஸ்ஸில் எதையும் விழுங்க மாட்டேன். பிள்ளை, என்ன நம்பர் வந்தாலும் அது என்னுடைய நம்பர்.

அப்பா


கண்டி
2024 மே 6

அப்பா,

டொக்டர் இன்று என்னைக் கூப்பிட்டார். உங்கள் ரிப்போட் துண்டுகளை வரிசையாக மேசையில் வைத்துக் காட்டினார். கழிவு முழுதாக இருக்கிறது. உப்பு ஐந்து கிராம். புரதம் இல்லை. இருபத்துநாலு மணித்தியாலச் சராசரி நூற்று இருபத்துநாலு. "உங்கள் அப்பா சொல்லியிருக்காவிட்டால் இந்தப் பிறசரைக் கவனிக்காமலே எடுத்திருப்போம்" என்றார்.

ஒன்றை எடுத்த பிறகு மற்றது கொஞ்சம் பெருத்து வேலையைக் கூட்டிச் செய்யுமாம், ஆனால் இரண்டின் வேலைக்கு முழுதாக ஒரு நாளும் வராதாம். ஆயுள் முழுக்க வருடத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும். உப்பு விசயத்தில் பழையபடி போக முடியாது. இதெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். நான் சொன்னதாகவும் இருக்கட்டும்.

வேண்டாம் என்று சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன். இதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை அப்பா, அதனால் முதலில் கோபம்தான் வந்தது. நீங்கள் அந்தக் கலனில் கடலை ஊற்றியிராவிட்டாலும் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன்.

அனுமதி கொடுக்கிற குழு ஒன்று உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்கும். நான் அங்கே இருக்க மாட்டேன். என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

எமிலியா


கண்டக்குழி
2024 மே 24

அன்பு மகள்,

ஒப்பரேசனுக்கு ஜூன் பத்தொன்பது என்று திகதி தந்திருக்கிறார்கள். பதினாறாம் திகதி நானும் அம்மாவும் வந்துவிடுவோம். டொறத்தியிடம் சொல், இரண்டு பேருக்கும் பாயைக் கீழே போட்டால் போதும். நஜாத் என்னுடைய பங்கு வலையைப் பார்த்துக்கொள்கிறான். மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். "இப்ப என்ன பெரிசாத் தூக்கினீங்க" என்று அவன் கேட்டான்.

முந்தநாள் குழுவுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வழுக்கை டொக்டர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர், அம்மா வயதில் ஒரு பெண் டொக்டர். சட்டத்தரணி, யாராவது காசு தருகிறதாகச் சொன்னார்களா, யாராவது வெருட்டினார்களா என்று கேட்டார். என்னை வெருட்டுகிற ஒரே ஆள் வாங்குகிற ஆள்தான், அவள் வேண்டாம் என்றுதான் வெருட்டினாள் என்றேன். எழுதிக்கொண்டார். அதை எப்படி எழுதினார் என்று தெரியவில்லை.

வழுக்கை டொக்டர், கிட்னி என்ன செய்கிறது என்று தெரியுமா என்று கேட்டார். விளங்கித்தான் கையெழுத்து வைக்கிறேனா என்று பார்க்கிறார். நூற்றெண்பது லீற்றரில் தொடங்கினேன். வெளியே விடுவது, திரும்ப எடுப்பது, அழுத்தம் குறைந்தால் குழாயை இறுக்குவது, உப்பு நின்றால் தண்ணியும் நிற்பது, எல்லாம் சொன்னேன். அலுமாரியையும் சேர்த்து. "எதுவரை படித்தீர்கள்?" என்று கேட்டார். எட்டு, பிறகு இந்த வருடம் தபாலில் கொஞ்சம் என்றேன்.

பிறகு அந்தப் பெண் டொக்டர் மற்ற இருவரையும் வெளியே போகச் சொன்னா. கதவைச் சாத்தினா. நல்ல தமிழ் கதைத்தா. "ஐயா, இது நாங்கள் எல்லாருக்கும் சொல்லுறது. உங்களுக்கு விருப்பமில்லையெண்டா இப்ப எனக்கு மட்டும் சொல்லுங்கோ. பொருந்தவில்லை எண்டு மகளுக்குச் சொல்லிவிடுவம். காரணம் எழுத மாட்டம். உங்கட மனுசிக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் ஒரு நாளும் தெரிய வராது" என்றா. அவசரமில்லை, யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய கடதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தா.

மேலே மின்விசிறி சுற்றியது. நான் பகிடி ஒன்று தேடினேன், வரவில்லை. கொஞ்ச நேரம் போக எழும்பினேன். அவ நிமிர்ந்து பார்த்தா. நான் திரும்ப உட்கார்ந்து, "கொடுக்கிறன் டொக்டர்" என்று சொன்னேன். எங்கே கையெழுத்து என்று காட்டினா. வைத்தேன். வாசலில் நின்ற அம்மாவிடம், "ஐயா என்னைக் கும்பிட எழும்பினவர்" என்று அந்த டொக்டர் சொல்லிச் சிரித்தா. நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் அம்மா அதை மூன்று பேருக்குச் சொல்லிவிட்டாள்.

நான் கும்பிட எழும்பவில்லை, மகள். போகத்தான் எழும்பினேன்.

அப்பா